தாய்வீட்டுக் கொக்கி

இரட்டைச்சிறகு என்றொரு நாடு இருந்தது. அங்கே காற்றுதான் தொழில். மேல்வாசல் வழியாக வரும் காற்றைத் தெருத்தெருவாகப் பிரித்து, வீட்டுக்கு வீடு சாளரம் திறந்து பிடித்து, செந்நீர்க் கால்வாய்ப் படகுகளில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்புவார்கள். மிச்சக் காற்றில் குடிமக்கள் பிழைத்தார்கள். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் என்ன சமைத்தாலும் அதில் ஒரு துணுக்கை விடிந்ததும் வாசல் கொக்கியில் மாட்ட வேண்டும். காவலர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். இன்னதென்று தெரியாத பண்டம் தொங்கினால் அந்த வீட்டை இடித்துவிடுவார்கள். கொடுமைதான். ஆனால் நாடு நெடுங்காலம் நின்றது அதனால்தான்.

கொக்கிகளில் அப்பா வழியில் வந்தது ஒரு வரிசை, அம்மா வழியில் வந்தது ஒரு வரிசை. ஒன்று நீளமானதைப் பிடிக்கும், இன்னொன்று வழவழப்பானதைப் பிடிக்கும். எல்லாவற்றையும் பிடிக்கிற கொக்கியை எந்தக் கொல்லனும் செய்ததில்லை. அதனால் வகைவகையாக வைத்திருந்தார்கள்.

அரசர் தூபப் பிரியர். நாளொன்றுக்கு இருபது முறை மேல்வாசலில் தூபம் போடச் சொல்வார். புகை பட்டுச் சில வீடுகளில் சமையல் திரிந்தது. பதின்மூன்றாம் தெரு மாசிலாமணி வீட்டில் அரிசி போட்டால் வழவழவென்று கரிய களி பொங்கியது. அதைத் தின்றவருக்கு வீடு கட்டும் ஆசை அடங்கவேயில்லை. ஒரே இரவில் மாடிமேல் மாடி எழுப்பினார். பிறகு பக்கத்து வீட்டுச் சாளரத்தை அடைத்து ஒரு சுவர் வைத்தார். அந்தப் பக்கத்து வீட்டில் செண்பகவல்லி ஆறு மாதக் குழந்தையோடு இருந்தாள். அவளுடைய அம்மா வடிவுதான் அந்தத் தெருவின் காவலர்.

அதே இரவில், களியைக் கொக்கியில் மாட்ட விடிவதற்குள், அவைச் செயலர் நெடுஞ்செவியாருக்கு ஒற்றுமை மீது அக்கறை வந்தது. “ஒரு வீட்டுக்கு இரண்டு மரபா? நாடு எப்படி உருப்படும்?” என்றார். தாய்வழிக் கொக்கிகள் எல்லாம் பிடுங்கப்பட்டன. அவற்றை உருக்கி, அரசர் தூபக்கால் ஏந்தி நிற்பது போல் ஒரு சிலை வார்த்தார்கள். வழவழப்பானதைப் பிடித்தவை தாய்வழிக் கொக்கிகள் மட்டுமே என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து மாசிலாமணி வாசலில் எதுவும் தொங்கவில்லை. வடிவு செயலரிடம் போனாள்.

“ஆட்சேபகரமான பண்டம் ஏதேனும் தொங்கியதா?”

“ஒண்ணுமே தொங்கலீங்க ஐயா. அதான் பயமா இருக்கு. சமைக்காத வீட்டுல எப்படி நாலு மாடி எழும்பும்? என் மக வீட்டுக்குக் காத்தே வரல. பேரப்பிள்ளைக்கு உதடு நீலம் பூத்துக் கிடக்கு.”

“ஒன்றும் தொங்கவில்லை எனில் குற்றமற்ற இல்லம். முன்மாதிரி இல்லம் என்றே பதிவு செய்கிறோம்.”

முன்மாதிரி இல்லங்களைக் காவலர்கள் உறுத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அடுத்த ஆணை வந்தது. அவ்வில்லங்கள் பச்சிலைக் கொத்து ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். கொத்தைக் கண்டதும் காவலர் தடியைக் கீழே போட வேண்டும். மாசிலாமணி சாளரத்துக்கு ஒன்றாகக் கட்டினார்.

வடிவு ஒரேயொரு தாய்வழிக் கொக்கியை இடுப்பில் ஒளித்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய் மாசிலாமணி வாசலில் மாட்டினாள். உள்ளிருந்து பொங்கி வழிந்த கரிய களி அதில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. “வாங்கடே, வந்து பாருங்க!” என்று கூவினாள். காவலர்கள் ஓடி வந்தார்கள், பார்த்தார்கள், தடியை ஓங்கினார்கள். பச்சிலை கண்ணில் பட்டது. தடிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. வடிவு மட்டும் ஓங்கிய தடியை இறக்கவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

விசாரித்தவரும் நெடுஞ்செவியார்தான். “ஆதாரம் தொங்குவது தடை செய்யப்பட்ட கொக்கியில். ஆகவே ஆதாரமே இல்லை,” என்று தீர்ப்பளித்துவிட்டு வெகுநேரம் இருமினார். கொக்கி சிலையோடு சேர்ந்தது. வேலை போன வடிவு மகள் வீட்டுக்கு வந்து, பேரனை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் விசிறியபடி உட்கார்ந்தாள். விசிறுவதற்கும் காற்று வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு, மாசிலாமணி வீடு தெருத்தெருவாகப் பரவியிருந்த நேரத்தில், அரசரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தது. சாளரத்துக்கு ஒரு வாக்கு என்பது பழைய சட்டம். நாட்டிலுள்ள மற்ற சாளரங்களை எல்லாம் கூட்டினாலும் மாசிலாமணியின் சாளரங்களுக்கு ஈடாகவில்லை. அவற்றில் ஒன்றுகூடத் திறப்பதில்லை என்பதைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. பழைய அரசர் தூபக்காலை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

பதவியேற்பன்று நெடுஞ்செவியார் முதல்முறையாகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். “மாமன்னா, தெருக்கள் எல்லாம் தங்கள் வீடாகிவிட்டன. தலைநகருக்குப் படகு போய் நான்கு நாளாகிறது. நாடே விழுந்துவிட்டால் தாங்கள் எங்கே வாழ்வீர்கள்?”

“இதென்னய்யா கேள்வி? அதான் நாடு இருக்கே,” என்றார் மாசிலாமணி.

அவர் மாடத்துக்கு வந்து கையை உயர்த்தினார். கீழே கூட்டம். அதில் செண்பகவல்லி, பக்கத்தில் வடிவு. அவள் தோளில் கிடந்த குழந்தை அசையவில்லை. ‘வாழ்க’ சொல்லும்படி சேவகர்கள் சைகை காட்டினார்கள். எல்லோரும் வாயைத் திறந்தார்கள். வடிவும் திறந்தாள், ஆனால் அவள் சொல்ல வந்தது வேறு. எந்த வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

மக்கள் புதிய அரசரை அமைதியாக வரவேற்றனர் என்று அவைக் குறிப்பில் எழுதப்பட்டது.