சத்தம் போடாத வண்டி

பல் டாக்டர் மறுபடியும் சாவியைத் திருப்பினார். கார் "ஊ... ஊ..." என்று முனகிவிட்டு அடங்கியது. கண்ணாடி முழுக்கப் பனி. பக்கத்தில் நின்ற தராசுக்காரருக்கு அந்தக் குளிரிலும் முதுகு வியர்த்தது.

எடை, அளவு சோதிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கல்லில் கடுகளவு குறைந்தாலும் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போன கோடையில் தன் பழைய காரை மகளின் மாமனாரான இந்த டாக்டருக்கே விற்றார். "நம்ம வீட்டு வண்டி சம்பந்தி, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார்.

கண்ணை மூடினால் போதாது, காதையும் மூட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. தேய்ந்துபோன என்ஜின் டகடகவென்று அடித்துக்கொள்ளும். அது வெளியே கேட்காமலிருக்க, இருப்பதிலேயே கெட்டியான எண்ணெயைத் தேடிப் பிடித்து ஊற்றியிருந்தார். வெயிலில் அது இளகி, சத்தத்தை அமுக்கிவிட்டது. குளிர் வந்தால் அதே எண்ணெய் இறுகி, என்ஜினைச் சுற்றவே விடாது. அந்தக் குளிர் வந்துவிட்டது, அதுவும் அவர் மகளைப் பார்க்க வந்திருக்கும் நேரம் பார்த்து.

"பத்து மணிக்கு ஒருத்தர் வர்றார். அதுக்குள்ள வண்டி கிளம்பியாகணும்" என்றார் டாக்டர்.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமா?" என்று ஒப்புக்குக் கேட்டார் தராசுக்காரர்.

"வேண்டாம், வேண்டாம். அவன் எதையாவது பிரிச்சுப் பாப்பான்." டாக்டர் அவசரமாகச் சொல்லிவிட்டு, "நீங்க குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. சத்தமே கிடையாது" என்றார்.

தராசுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த மனிதர் தன்னை எவ்வளவு நம்புகிறார் என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலில் என்ஜினுக்கு ஒத்தடம் கொடுக்கலாம் என்று வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். ஆவி கிளம்பியதுதான் மிச்சம். எதிர்வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்தார். வந்தவரையே பிடித்து வண்டியைத் தள்ளச் சொன்னார்கள். வண்டி கிளம்பவில்லை, ஆனால் நகர்ந்தது. நேராகப் போய் கேட் தூணில் முட்டி, முன்பக்கத்து பம்பர் ஒரு பக்கமாகத் தொங்கியது. எதிர்வீட்டுக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு நழுவினார்.

"பரவாயில்லை, சம்பந்தி" என்றார் டாக்டர், பல் பிடுங்குமுன் சொல்லும் அதே குரலில். பிறகு குளிக்கப் போனார். குளிக்கப் போனால் அவர் லேசில் வரமாட்டார்.

தராசுக்காரர் மெல்ல என்ஜினிலிருந்த எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தது. சந்தேகமே இல்லை, அவர் செய்த பாவம்தான். தெருமுனைக் கடைக்கு ஓடி, நீர்த்த எண்ணெய் டின் ஒன்று வாங்கி வந்தார். துணி அலசும் பேசினைக் காருக்கடியில் தள்ளி, வயிற்றை எக்கிக்கொண்டு தானும் உள்ளே நுழைந்து, அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். கெட்டி எண்ணெய் அவசரமே இல்லாமல் நூலாக இறங்கியது.

"அப்பா? கீழ என்ன பண்றீங்க?" மகளின் குரல்.

"மோதிரம் விழுந்துடுச்சும்மா."

சொல்லியிருக்கவே கூடாது. "அத்தை, அப்பா மோதிரத்தைக் காணோம்" என்று மகள் உள்ளே பார்த்துக் கூவ, டாக்டரின் மனைவி டார்ச்சோடு வந்தார். தலை துவட்டிக்கொண்டே டாக்டரும் வந்தார். மூவரும் கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை குனிந்து குனிந்து தேடினார்கள். கடைசிச் சொட்டும் இறங்கியபின் போல்ட்டை முடுக்கி, தராசுக்காரர் ஊர்ந்து வெளியே வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய். டார்ச் வெளிச்சம் நேராக அவர் விரலில் விழுந்தது. மோதிரம் அங்கேயே இருந்தது.

அவர் எழுந்து புது எண்ணெயை ஊற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

பேட்டரியில் மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச உயிருக்கே வண்டி சட்டென்று கிளம்பிவிட்டது. கூடவே டகடகவென்று சத்தமும் கிளம்பியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பாவைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. இந்த வீட்டில் இனி அவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

"சம்பந்தி, ஊர்க் கடைக்காரனையெல்லாம் அளவு குறையுதுன்னு திட்டினவன் நான். உங்களையே ஏமாத்திட்டேன். இந்தச் சத்தத்தை மறைக்கத்தான் கெட்டி எண்ணெய் ஊத்தி வித்தேன். அதை இன்னிக்குக் கொட்டிட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, எம்பொண்ணை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

டாக்டரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. கோபத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று தராசுக்காரர் இன்னும் கூனிக் குறுகினார். டாக்டரோ தரையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மனைவியை மட்டும் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

டாக்டரின் மனைவி குனிந்து, கருகருவென்று கிடந்த தன் பேசினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நீங்க ஊத்தின எண்ணெயை இவர் வாங்கின மாசமே மாத்திட்டாரு அண்ணா. இப்ப நீங்க கொட்டினது, இதோ வண்டி வாங்க வந்து இறங்குறாரே, அவருக்காக நேத்து இவர் ஊத்தினது."