கொன்ற கூட்டம்

மனித ரத்தத்துக்குள் கூட்டம் பார்த்த முதல் ஊர் என்ற பெருமை கோயமுத்தூரையே சேரும். மற்ற நாடுகளில் விஞ்ஞானிகள் வெறும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த 1997-ஆம் ஆண்டில், பீளமேட்டைத் தாண்டி ஒரு மில் வளாகத்தில் இருந்த 'உயிரணு உயர் ஆய்வு மையம்' அந்தச் சாதனையைச் செய்து முடித்தது. செய்தவர் இயக்குநர் டாக்டர் மதன்குமார். குழாய்களைக் கழுவி, நிரப்பி, எண்ணி, எழுதியது மட்டும் சாஜிதா பேகம். ஆறு வருடமாக அவள் 'தற்காலிகம்'.

விஷயம் எளியது. நம் ரத்தத்தில் டி அணுக்கள் என்று ஒருவகை வெள்ளணுக்கள் உண்டு. அவற்றில் ஒரு பிரிவுக்குக் கொலையே தொழில். கிருமி புகுந்த அணுவையும் புற்று பிடித்த அணுவையும் தேடிப்போய்த் தீர்த்துக்கட்டும். இந்தக் கொலையாளிகளின் மேற்பரப்பில் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று எண் போட்ட அடையாளங்கள் இருக்கும். சாயம் ஏற்றி இயந்திரத்தில் விட்டால் எதனிடம் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இயந்திரத்துக்குப் பணம் கேட்டு, இதை மில் முதலாளி அப்புசாமிக்கு விளக்கப் போன இயக்குநர், 'உட்பிரிவு' என்ற சொல் எடுபடாததால் 'கூட்டம்' என்று சொல்லிவைத்தார். கொங்கு நாட்டில் பேரைக் கேட்டதும் அடுத்த கேள்வி எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம் என்பதுதான். பங்காளியா, மாமன் மச்சானா என்பது அதில் தெரிந்துவிடும். ஆள் வேலை செய்வாரா என்பதெல்லாம் அப்புறம். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க டாக்டரு, ரத்தத்துக்குள்ளயும் கூட்டம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ரெண்டு அடையாளமும் வெச்சிருக்கறது பெரிய கூட்டமுங்க. ரெண்டும் இல்லாதது..."

"ஒண்ணுமில்லாத கூட்டம்."

"அதேதானுங்க."

அறிவியல் இப்படித்தான் முன்னேறுகிறது. மறுமாதமே இயந்திரம் வந்து இறங்கியது.

சாஜிதாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பிரித்துவைத்த அணுக்களை வேலை வாங்கிப் பார்ப்பாள். கதிரியக்கக் குரோமியம் ஊட்டிய புற்றணுக்களோடு அவற்றைச் சேர்த்து வைப்பாள். புற்றணு செத்தால் குரோமியம் வெளியே கசியும். எவ்வளவு கசிந்ததோ அவ்வளவு கொலை.

பெரிய கூட்டம் ஒரு புற்றணுவைக்கூடத் தொடவில்லை. ஒன்றுமில்லாத கூட்டம் வெளுத்து வாங்கியிருந்தது. மூன்று முறை செய்தும் அதே முடிவு. அவளுக்குப் பிடிபட்டது. அடையாளம் இல்லாதவை தரத்தில் குறைந்தவை அல்ல. வேலை செய்யச் செய்ய அதை உதிர்த்துவிட்டவை. இரண்டும் பளபளவென்று வைத்திருப்பவை இன்னும் ஒருநாள்கூட வேலைக்கே போகாதவை. அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"அம்மணி, தகுதியில்லாத அணு கொல்லுதுன்னு எழுதியிருக்கீங்க."

"கொன்னுதுங்களே சார்."

"யாரு அனுமதி குடுத்தாங்க?"

"அதுங்க யாரையும் கேக்கறதில்லீங்க."

"அதுதானுங்க ஒழுங்கீனம். முதலாளிகிட்ட நான் பெரிய கூட்டம்னு சொல்லிப்போட்டேன். புதன்கிழமை இன்னொருக்காச் செய்யுங்க. அதுலயும் இதே வந்துதுன்னா அச்சுக்கு அனுப்பலாம். உங்க வேலையும் நிரந்தரம்."

அந்தப் புதன்கிழமைதான், பதினொரு மணிக்கு, 'அணுக் கூட்டங்கள் குறித்த ஆலோசனைக் கூட்டம்'. மே மாதம். ஆய்வறையின் ஏ.சி.யைக் கழற்றி மாநாட்டு அறையில் மாட்டியிருந்தார்கள். ஐஸில் பெரும்பகுதி விருந்தினர்களின் முலாம்பழ ஜூஸில் மிதந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அடுப்புச் சூடு; அணுக்கள் அதைத் தாங்காது. அணுக்களைக் கலந்து மிச்ச ஐஸில் குழாய்களை நிறுத்திவிட்டு, சாஜிதா எதிர்ச்சாரி ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினாள். தூக்குப்போசி நிறைய ஐஸோடு திரும்பியபோது காவலாளி மாசாணம் கேட்டைச் சாத்தியிருந்தார்.

"அம்மணி, அடையாள அட்டை இருக்குதுங்களா? இன்னைக்கிருந்து புது உத்தரவுங்க."

"இப்பத்தானுங்கண்ணா இப்படிப் போனேன்."

"போறதுக்கு வேண்டாமுங்க. வாரதுக்குத்தான்."

அவள் அட்டையைக் காட்டினாள். குனிந்து வேலை செய்யும்போது கழுத்திலிருந்து தொங்கி ஆய்வறை வெந்நீர்த் தொட்டிக்குள் விழுந்து விழுந்து, படமும் பேரும் கரைந்து, அது வெறும் வெள்ளையாக இருந்தது.

"இதுல நீங்க இல்லீங்களே."

"ஆறு வருசமா நெதமும் பாக்கறீங்க. என்னைய யாருன்னு தெரியாதுங்களா?"

"தெரியுதுங்க. தெரிஞ்சு என்னங்க பண்றது? டாக்டரு எழுதிக் குடுத்தா உள்ள உடலாமுங்க. அவரு கூட்டத்துல இருக்கறாரு, யாரும் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு."

கொங்கு நாட்டில் உள்ளே விடாவிட்டாலும் உட்காரச் சொல்வார்கள். மாசாணம் தன் நாற்காலியையே கொடுத்தார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். இரண்டரை மணி நேரம் அவள் மடியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

'அடையாளமே பணி' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறி, கூட்டம் ஒன்றரைக்குக் கலைந்தது. இயக்குநரின் சீட்டு வந்ததும் சாஜிதா தூக்குப்போசித் தண்ணீரோடு உள்ளே ஓடினாள். எல்லாம் செத்திருந்தன. புற்றணு, பெரிய கூட்டம், ஒன்றுமில்லாத கூட்டம், ஒன்று மிச்சமில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

இயக்குநர் எண்களை மட்டும் பார்த்தார்.

"நூத்துக்கு நூறு. பெரிய கூட்டமும் கொன்னுபோட்டுது பாருங்க."

"சார், சூட்டுல எல்லாமே செத்துப்போச்சுங்க. கொலையாளியே போடாத குழாயிலகூட நூறுதானுங்க."

"அப்ப அந்த அடையாளத்தோட மகிமையப் பாருங்க. பக்கத்துல இருந்தாலே போதுமாட்ட இருக்குது."

வெள்ளிக்கிழமை அறிக்கை தயாரானது. கொன்றது எது என்று சொல்லும் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. சோதனை செய்தவர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். பக்கத்தில் அவளுடைய நிரந்தரப் பணி உத்தரவும், அவள் பேர் போட்ட புதிய அட்டையும் தயாராக இருந்தன. முதலாளி தன் பேனாவையே நீட்டினார்.

"எந்தக் கூட்டமுன்னு எழுதிப்போடுங்க அம்மணி."

சாஜிதா உத்தரவையும் அட்டையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு நிதானமாக, அச்சடித்த மாதிரி எழுதினாள்.

'கொன்ற கூட்டம்: புதன்கிழமை, பதினொரு மணி முதல் ஒன்றரை வரை, மாநாட்டு அறையில் நடந்தது. வந்திருந்த எல்லோரிடமும் அடையாளம் இருந்தது.'