தக்காளி வந்த கப்பல்

மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பற்றி அரசாங்கம் கவலைப்பட்டதில்லை. சாப்பிடுகிறார்களா என்றும் கவலைப்பட்டதில்லை. ஆனால் சாப்பிடும் பொருள் ஆதியில் எங்கிருந்து வந்தது என்ற கவலை ஒரு நாள் அதற்குத் திடீரென்று வந்துவிட்டது. பெரிய வீடுகளில் அப்போது அதுதான் மோஸ்தர். விருந்துக்குப் போனால் காரட்டின் பூட்டன் வரலாற்றைச் சொல்லி முடித்த பிறகுதான் காரட்டைப் பரிமாறுவார்கள். எனவே உணவுப் பூர்வீகத் துறை தோற்றுவிக்கப்பட்டது. அதற்கு மூன்றாவது மாடியும், ஓர் இயக்குநரும், அவர் சுழல்வதற்கு ஒரு நாற்காலியும் ஒதுக்கப்பட்டன.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கேன்டீன் இருந்தது. நடத்தியவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கணவர் காய் நறுக்குவார், பேசமாட்டார். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான் கடுமையானது. மதியச் சாப்பாடு ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. நின்றால் மறுநாளே கேன்டீன் வேறொருவருக்குப் போய்விடும். அந்த வேறொருவராக இருப்பதற்கு இயக்குநரின் மச்சான் வெகுகாலமாகத் தயார் நிலையில் இருந்தார்.

துறை தன் முதல் ஆய்வை, படி இறங்கினால் போதும் என்பதால், கேன்டீனிலேயே தொடங்கியது. இயக்குநர் காலையில் வந்து, கூடையிலிருந்து ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"இது என்ன?"

"தக்காளி சார். நேத்துகூட ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே."

"நேத்து தனிமனுஷனா சாப்பிட்டேன். இன்னைக்கு இயக்குநரா கேக்கறேன். எங்கேருந்து வந்தது?"

"சந்தையிலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"தோட்டம்."

"அதுக்கும் முன்னாடி?"

"விதை."

"விதை எதுலேருந்து வந்தது?"

"தக்காளியிலேருந்துதான் சார்."

"தனக்குத் தானே சாட்சி சொல்லக் கூடாதும்மா. கப்பல்ல வந்திருக்கு. எங்ககிட்ட தகவல் இருக்கு."

"எத்தனையோ தலைமுறையா இங்கேதானே சார் இருக்கு?"

"அத்தனை தலைமுறையா அனுமதி இல்லாம தங்கியிருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. நல்லது."

தக்காளி வெளியேற்றப்பட்டது. அதே கப்பலில் வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட மிளகாயும் உருளைக்கிழங்கும் பின்தொடர்ந்தன. கோதுமை கப்பலில் வரவில்லை. வயல் வயலாக நடந்தே வந்தது என்று தெரிந்தது. அது குற்றத்தை இன்னும் பெரிதாக்கிவிட்டது. "கப்பல்னா துறைமுகத்துலயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டு வரும். இது சொல்லாம கொள்ளாம வந்திருக்கு" என்றார் இயக்குநர்.

"உப்பு சார்?" என்றார் அக்கா.

"கடல்லேருந்துதானே எடுக்கறாங்க? அந்தக் கடலோட மறுகரை யாருது?"

"தண்ணியாவது காய்ச்சிக் கொடுக்கறேனே."

"ஆறு எல்லைக்கு அந்தப் பக்கம் பிறக்குது."

அக்காவின் கணவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அப்போ மழை?"

"மேகத்தைப் பத்தி மட்டும் என்கிட்ட பேசாதீங்க. அதுக்கு ஒரு நாடா, ரெண்டு நாடா?"

அவர் மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார். நறுக்கத்தான் எதுவும் இல்லை.

கட்டட வாசலில் சங்கத்துக்காரர்கள் நாங்கள் உண்ணாவிரதம் இருந்தோம். எதற்காகத் தொடங்கினோம் என்பது பழைய துண்டறிக்கையில் இருக்கும். காலைச் சாப்பாட்டை முடித்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்கு எழுவது எங்கள் சங்கத்தின் வீரமிக்க மரபு. உள்ளே நடந்ததைக் கேள்விப்பட்டதும் "தக்காளியை விடுதலை செய்!" என்று முழங்கினோம். ஆனால் தக்காளி பாட்டாளியா, பாட்டாளியின் உழைப்பா என்ற கேள்வி குறுக்கே வந்தது. சங்கம் இரண்டாகப் பிளந்து, ஒரே பந்தலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. மதியம் சாப்பிட எழுந்தோம். கேன்டீனில் அடுப்பு எரியவில்லை. மறுபடியும் உட்கார்ந்தோம். சங்க வரலாற்றில் உண்ணாவிரதம் உண்மையாகிவிட்டது அன்றுதான். இரு பிரிவுகளும் அதை ஒருமனதாகக் கண்டித்தன.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநரின் மச்சான் வாசலில் புது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணே ஒண்ணு. எங்கேருந்தும் வராம, இங்கேயே பொறந்து, இங்கேயே இருக்கற ஒண்ணை நீங்களே சொல்லுங்க. அதையே போட்டுடறேன்."

இயக்குநர் திகைத்தார். அப்படி ஒன்று இல்லையென்றால் துறைக்கு வேலை இல்லை. துறைக்கு வேலை இல்லையென்றால் நாற்காலி சுழலாது. அந்த நேரம் பார்த்து, பந்தலில் எங்கள் தலைவரின் வயிறு, மைக்கின் அருகே இருந்ததால், ஊருக்கே கேட்கும்படி உறுமியது.

"என்னது அது?"

"பசி சார்" என்றார் அக்கா.

"எங்கேருந்து வந்தது?"

"எங்கேருந்தும் வரலை சார். எங்கப்பாகிட்ட இருந்தது. அவரோட அப்பாகிட்டயும் இருந்தது. இங்கேயேதான் இருக்கு."

இயக்குநர் குறிப்பேட்டைத் திறந்தார். "கப்பல்?"

"இது தாங்காம கப்பலேறிப் போனவங்க உண்டு. இது கப்பல்ல வந்ததில்லை."

ஆராய்ச்சியாளனின் ஆனந்தத்துக்கு முன்னால் மச்சான் பாசம் எம்மாத்திரம்? கலப்பற்ற, தொன்மையான, தொடர்ச்சி அறாத ஒரே பூர்வீக உணவு பசியே என்று அங்கேயே பிரகடனம் செய்யப்பட்டது. மச்சான் ஏப்ரனை அவிழ்த்தார்.

மணி அடித்தது. மதியச் சாப்பாடு நிற்கவில்லை. அக்கா காலிப் பானைக்குள் கரண்டியை விட்டு, அடிவரை கலக்கி, தட்டு தட்டாகப் போட்டார். கணவர் ஒவ்வொரு தட்டையும் விளிம்பு துடைத்து நீட்டினார். விலை பழையதைவிடக் கூடுதல். கலப்படம் இல்லை அல்லவா? சற்று நேரத்தில் பெரிய வீட்டுக் கார்கள் வரிசையில் வந்து நின்றன. "எங்க வீட்டுல சமையல்காரர் எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தார். இந்தப் பக்குவம் வரலை" என்று ஓர் அம்மாள் வருத்தப்பட்டார்.

தூய்மைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எங்கள் இரு பிரிவுகளும் ஒன்றாகி வரிசையில் சேர்ந்தன. எங்களுக்கு முன்னால் இயக்குநர் நின்றார். அவர் ஒரு வாய் சுவைத்து, கண்ணை மூடித் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

அக்கா இன்னொரு கரண்டி போட்டார்.

எங்கள் தலைவர் தன் தட்டைப் பார்த்தார். இயக்குநரின் தட்டைப் பார்த்தார். 

"அவருக்கு மட்டும் ரெண்டு கரண்டியா?"

இந்த அநீதியைக் கண்ட பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? தட்டுகளைத் தட்டிக்கொண்டு திரண்டோம். "பசியில் பாகுபாடு ஒழிக!" என்ற முழக்கத்தில் மூன்றாவது மாடிக் கண்ணாடி அதிர்ந்தது. அரசாங்கம் பணிந்தது. அக்கா வரிசை நெடுகிலும் நடந்து வந்து, ஒருவரையும் விடாமல், எல்லோருக்கும் இன்னொரு கரண்டி போட்டார்.

எங்கள் போராட்டங்களில் கோரிக்கை முழுமையாக நிறைவேறியது அது ஒன்றுதான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோஷமிட்டபடி கலைந்தோம்.