பனியுகத்துத் தேசிக்காய்த் தண்ணீர்

பனியுகத்தைத் தேசிக்காய்த் தண்ணீரில் போட்டுப் பரிமாறியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. எண்பதுகளில், அகதி மனு கொடுத்துவிட்டு, சுவிஸின் ஓல்டன் நகரில் சிவம் அண்ணையோடு ஒரே அறையில் இருந்தபடி ஓர் ஆய்வுகூடத்தில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆய்வுகூடத்தின் தொழிலே ஐஸ்தான். சுவிஸில் நிமிர்ந்து பார்த்தால் ஐஸ் மலை. அது போதாதென்று இவர்கள் கிறீன்லாந்துக்குப் போய்த் துளையிட்டு, பெரிய பெரிய நாடுகளோடு பங்கு பிரித்து, பனியுகத்து ஐஸைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். அதற்குள் அடைபட்ட பழங்காலத்துக் காற்றை அளப்பார்களாம். (எங்கள் சங்கக்கடையில் அரிசிக்கும் சீனிக்கும்தான் பங்கீடு. காற்றுக்குப் பங்கீட்டை இங்கேதான் கண்டேன்.) அளந்து மிஞ்சிய சில்லுகளைப் பேராசிரியர் வெள்ளிக்கிழமைகளில் விஸ்கியில் போட்டுக் குடிப்பார். பழங்காற்று படபடவென்று வெடித்து வெளியேறும்.

ஒரு கோடையில் பெரிய நாடொன்றிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் வருவதாக இருந்தது. அதே கிழமை என் வேலைக் கடிதத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் வேலை அனுமதியும் இல்லை.

"வாற ஆக்களை வடிவாக் கவனி," என்றார் சிவம் அண்ணை. "கையெழுத்து தன்ர பாட்டில வரும்."

கவனித்தேன். வியர்த்துக் களைத்து வந்தவர்களுக்குத் தேசிக்காய் பிழிந்தேன். தட்டில் சில்லுகள் கிடந்தன. விருந்தாளிக்கு மிச்சம் மீதியைக் கொடுப்பதா? வளர்ந்த வளர்ப்பு விடவில்லை. என்னிடமிருந்த திறப்பால் குளிர் அறைப் பூட்டைத் திறந்து, அழகாகச் சுற்றிக் கட்டித் தனியே வைத்திருந்த நீளத் துண்டை எடுத்து, சுத்தியலால் உடைத்துத் தாராளமாகப் போட்டேன்.

விருந்தாளிகள் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்கள். குவளைகள் படபடத்தன. பேராசிரியர் தன் குவளையைக் காதருகே பிடித்தபடி, தட்டில் தொடாமல் கிடந்த சில்லுகளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எந்தத் துண்டு?"

சுற்றியிருந்த பையைக் காட்டினேன். அது விருந்தாளிகளுடைய நாட்டின் பங்கு. அதை எடுத்துப் போகத்தான் வந்திருந்தார்கள்.

கடிதமும் போச்சு, நானும் போனேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேராசிரியரோ நிதானமாகக் குவளையைக் காலி செய்துவிட்டு, பங்கு ஒப்படைக்கும் படிவத்தை அவர்கள் முன் நீட்டினார்.

"உங்கள் பங்கு உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. கையெழுத்திடுங்கள்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வெறுங்குவளைகளைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் மூத்தவர் கையெழுத்திட்டார். பெரிய நாட்டைச் சின்ன நாடு மடக்கியதை அன்றுதான் நேரில் கண்டேன்.

என் கடிதமும் கிடைத்தது. கீழே கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'உபசரிப்பில் மிகச் சிறந்தவர். குளிர் அறைத் திறப்பைக் கொடுக்க வேண்டாம்.'

இன்றைக்கும் வீட்டுக்கு ஆட்கள் வந்து, நான் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பினால் மனைவி மறித்துவிடுவாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் இருங்கோ. கடிதத்தில எழுதிக் கிடக்கு."