தூங்கியவர் எழுதிய விமர்சனம்

விமர்சகர் கண் விழித்தபோது டிவியில் யாரோ தரை துடைக்கும் மாப் விற்றுக்கொண்டிருந்தார்கள். மணி காலை ஏழு. புது நடனத் தொடரின் முதல் எபிசோடைப் பார்க்கத்தான் நேற்று எட்டு மணிக்கு சோபாவில் உட்கார்ந்தார். டைட்டில் பாட்டு வரைக்கும் நினைவிருக்கிறது. அதற்குமேல் ஒரே குறட்டை.

பத்தொன்பது வருடமாக டிவி பார்த்துச் சம்பளம் வாங்குகிற மனுஷன். கேட்பவர்களுக்கெல்லாம் பொறாமை. ஆனால் இப்போதெல்லாம் ரிமோட்டைத் தொட்டாலே கொட்டாவி வந்துவிடுகிறது, என்ன செய்ய?

போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர்.

"யோவ், விமர்சனம் பதினோரு மணிக்குள்ள என் மேஜைக்கு வரணும். போன மாசம் ரெண்டு தொடரைக் குழப்பி, இதுல செத்தவனுக்கு அதுல கல்யாணம் பண்ணி வச்ச. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா, நீ வீட்லயே உக்காந்து நிம்மதியா டிவி பாக்கலாம்."

விமர்சகர் போனை வைத்தார். ஐம்பத்து மூன்று வயதில் எவன் வேலை கொடுப்பான்? மறு ஒளிபரப்போ சாயங்காலம்தான். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஓடினார்.

"நேத்து அந்த டான்ஸ் தொடர் பாத்தியா?"

அவள் மடித்த துண்டையே இன்னொரு முறை மடித்தாள்.

"ம்... பாத்தேனே. வீட்லதானே இருந்தேன்."

"என் தெய்வமே! கதையைச் சொல்லு, சீக்கிரம்."

"கதையா? அது வந்து... ஒரு மெக்கானிக் கடை. அதுக்கு மேல மாடி ரூம். ஆறேழு பொம்பளைங்க, எல்லாரும் அம்பதைத் தொட்டவங்க, வாரத்துல மூணு நாள் அங்க டான்ஸ் கத்துக்கறாங்க. கீழ அவன் சுத்தியலால தட்டத் தட்ட, மேல இவங்களுக்குத் தாளம் தப்பிப்போகுது. ஒருத்திக்கு இடது எது, வலது எதுன்னே தெரியாது. தினம் யார் மூக்கையாவது பதம் பாத்துடுவா."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொடர் பரவாயில்லை போலிருக்கிறது என்று விமர்சகர் குறித்துக்கொண்டார்.

"கதாநாயகி?"

"வீட்டுக்குத் தெரியாம ஒரு வருஷமா ஆட வர்றா."

"ஏன், புருஷன்கிட்ட சொன்னா என்னவாம்?"

"அவன் கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

விமர்சகர் அரக்கப்பரக்க அலுவலகம் போய், பத்தரைக்குள் எழுதி நீட்டினார். ஆசிரியர் கட்டுரையைப் பார்த்தார், சேனல்காரர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தார், பிறகு விமர்சகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்பது வயசுங்கற. படத்துல எல்லாம் இருபது வயசுப் பிள்ளைங்களா குதிக்குதே?"

"ஒரு நிமிஷம் சார்."

வராந்தாவுக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டார். படத்தில் இருபது வயசுப் பிள்ளைகள் ஏன் என்று மனைவியைக் கேட்டார்.

"அதுவா... அது கனவுல வர்றது. ஆடும்போது அவங்க தங்களை அப்படித்தான் நினைச்சுக்கறாங்க."

அடடா, என்ன ஒரு உத்தி! ஒரு பத்தி அதற்கே போனது. ஆசிரியர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா, அழுகாச்சியா இருக்கு! விளம்பரத்துல நகைச்சுவைத் தொடர்னுதானே போட்டிருக்கான்? யாரையாவது நல்லாக் கிழி."

யாரைக் கிழிப்பது? களைத்துப்போன விமர்சகருக்குக் கையில் அகப்பட்டவன் அந்தப் புருஷன்தான். இத்தனை வருட அலுப்பையும் அவன் தலையில் கொட்டினார்.

'எல்லாம் சரி, அந்தக் கணவன் பாத்திரத்தைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. மனைவி வாரம் மூன்று நாள், ஒரு வருடமாக, வெளியே போய் ஆடிவிட்டு வருகிறாள். ஒரே வீட்டில் இருக்கிற இந்த ஜடத்துக்கு அது தெரியாதாம்! காதில் பூச்சுற்றவும் ஒரு அளவில்லையா? இப்படியொரு மண்ணாங்கட்டி உலகத்தில் எங்கே இருக்கிறான்? கதாசிரியர் காட்டினால் நேரில் போய்ப் பார்க்கத் தயார்.'

ஆசிரியர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "இதான்யா எழுத்து! முதல் பக்கத்துல போடறேன், உன் போட்டோவோட. போ, உன் வேலை கெட்டி."

விமர்சகர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அப்பாடா. கால் மணி நேரம் தூங்கினால் போதும்.

"சார்..."

பிழை திருத்தும் அம்மாள் அச்சுப்படியோடு நின்றுகொண்டிருந்தாள். எட்டு வருடமாக எதிர் மேஜை. கமாவைத் தவிர வேறெதைப் பற்றியும் அவரிடம் பேசியதில்லை.

"என்னம்மா, எழுத்துப் பிழையா?"

"எழுத்தெல்லாம் சரியா இருக்கு சார்," என்றாள் அந்த அம்மாள், தயங்கித் தயங்கி. "மெக்கானிக் கடை மாடியில ஆடறது ஆறு பேருன்னு போட்டிருக்கீங்க, அதான் தப்பு. உங்க வீட்டம்மாவையும் சேத்து நாங்க ஏழு பேர்."