குசினிப் பைப்பும் ஏழு மாத விருந்தாளியும்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் பெட்டி கட்டுவதில்லை, மாப்பிள்ளைதான் கட்டுவான். பெண்ணுக்குத் தகப்பன் வீடு கட்டி வைத்திருப்பார், அதில் போய்க் குடியிருப்பது மாப்பிள்ளையின் வேலை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மட்டக்களப்பில் முக்கால்வாசி ஆண்கள் இப்படிக் குடிபோனவர்கள்தான். ஆனால் போன வீட்டில் விருந்தாளி எப்போது முடிந்து வீட்டுக்காரன் எப்போது தொடங்குகிறான் என்பதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. நான் அந்த எல்லையைக் கடந்தது ஒரு குசினிப் பைப்பைக் கழற்றித்தான்.

பழுகாமத்திலிருந்து நாவற்குடாவுக்கு ஒரு சூட்கேசும் ஒரு மோட்டார் சைக்கிளும் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடக் குறிப்புகளுமாக வந்து சேர்ந்தேன். (ஆம், விஞ்ஞான ஆசிரியர். அதுவும் திரவ அழுத்தத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன். இதை மறக்காமல் வைத்திருங்கள்.) வீட்டில் மனைவி தர்சினி, மாமா, மாமி, நான். தர்சினியின் தங்கை வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு வீடு அதே வளவில் அத்திவாரத்தோடு நின்றது.

மாமா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். தந்தி அடிப்பதுபோல ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல் பேசுவார். மாமி நிறையப் பேசுவார், ஆனால் என்னோடு அல்ல. மருமகனோடு நேருக்கு நேர் பேசுவது மரியாதையில்லை என்று அவருக்கு ஒரு முடிவு. நான் நாலடி தூரத்தில் சோற்றுத் தட்டோடு இருப்பேன். மாமி சுவரைப் பார்த்துச் சொல்வார்:

"புள்ள, மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் றால் கறி வேணுமா எண்டு கேளு."

தர்சினி என் பக்கம் திரும்பி, "வேணுமா?" என்பாள். நான் தலையாட்டுவேன். தர்சினி அந்தத் தலையாட்டலைத் தாயிடம் மொழிபெயர்ப்பாள்.

வீட்டில் மற்ற மூவரும் சில்வர் பேணியில் தேத்தண்ணீர் குடிக்க, எனக்கு மட்டும் பூப்போட்ட கோப்பை, அதற்குக் கீழே சோசர். நான் வளவின் பின்பக்கம் போகக் காலை எடுத்து வைத்தால், "மருமகன் ஏன் அங்கால போறார், என்ன வேணுமாம் எண்டு கேளு புள்ள" என்று ஒரு குரல் வரும். முதல் மாதம் இந்த உபசாரம் இனித்தது. மூன்றாம் மாதம் கூச்சமாக இருந்தது. ஏழாம் மாதம், நான் ஒரு நல்ல தங்கும் விடுதியில் அறை எடுத்திருக்கிறேன், எப்போது வெளியேறுவேன் என்று கேட்க அவர்களுக்குத்தான் கூச்சம் என்று தோன்றத் தொடங்கியது.

இந்த நேரத்தில் அம்மா பழுகாமத்திலிருந்து தொலைபேசியில் வந்தார்.

"மனே, ஞாயித்துக்கிழம உன்னப் பாக்க வாறன். அங்க உன்ன வடிவா வச்சிரிக்காங்களா?"

"ஓம் அம்மா. தேவைக்குக் கூடவா வச்சிரிக்காங்க."

"கூடவா எண்டா? பிறத்தியான் மாதிரியா?"

அம்மாவுக்குக் காது கூர்மை. நான் பேச்சை மழைக்கு மாற்றினேன். ஆனால் அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அம்மா வரும்போது நான் சோசரோடு கதிரை நுனியில் இருக்கக்கூடாது. இந்த வீட்டில் ஏதாவது ஒன்றைப் பற்றி, "அதா? அது நான் செய்தது" என்று சொல்லக்கூடியவனாக இருக்கவேண்டும்.

அந்த ஏதாவது ஒன்று குசினியில் ஒழுகிக்கொண்டிருந்தது. பைப்பை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் சொட்டுச் சொட்டென்று பாத்திரம் கழுவும் பேசினுக்குள் விழும். பைப் வேலை செய்யும் பாஸுக்கு மாமா மூன்று வாரமாக அழைப்பெடுத்துக்கொண்டிருந்தார். பாஸ் மூன்று வாரமாக "நாளைக்கு வாறன் ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை மாமாவும் மாமியும் மறுநாள் விருந்துக்குச் சாமான் வாங்க நகரத்துச் சந்தைக்குப் புறப்பட்டார்கள். போவதற்கு முன் மாமி அரிசி மாவை வறுத்து, ஆறுவதற்காகக் குசினித் தரையில் கடதாசி விரித்துப் பரப்பியிருந்தார். என் அம்மாவுக்கு இடியப்பம் என்றால் உயிர் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார்.

ஓட்டோ முடக்கில் திரும்பியதுதான் தாமதம், நான் ஹாட்வெயார் கடைக்கு ஓடினேன்.

"வாசர் ஒண்டு தாங்க. பைப்புக்கு."

"அரை இஞ்சியா, முக்கால் இஞ்சியா சேர்?"

எனக்கு அளவு இருப்பதே அப்போதுதான் தெரியும்.

"நடுத்தரமா ஒண்டு," என்றேன்.

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டையும் கட்டித் தந்தார். "பைப்பையும் கழட்டிக் கொண்டு வந்திரிக்கலாமே சேர்" என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மாமாவின் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டேன். யூடியூப்பில் ஒருவர் இதே வேலையை நாலு நிமிடத்தில் முடித்து, கடைசியில் கைகூட நனையாமல் சிரித்தார். முதலில் மெயின் வால்வைப் பூட்டவேண்டும் என்று அவர் சொன்னார். நான் கேற்றடியில் மீற்றருக்குப் பக்கத்திலிருந்த வால்வைப் பூட்டினேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

குசினிக்கு வந்தால் பைப் இன்னும் சொட்டியது.

"இஞ்சேருங்க, இன்னும் தண்ணி வருதே," என்றாள் தர்சினி.

"அது குழாய்க்குள்ள மிஞ்சின தண்ணி. அழுத்தம் குறையக் குறைய நிண்டிரும்," என்றேன், வகுப்பறைக் குரலில்.

(இங்கே ஒரு விளக்கம். மட்டக்களப்பில் பல வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு வழி உண்டு. வீதியால் வரும் லைன் தண்ணீர் ஒன்று, கிணற்றிலிருந்து மோட்டர் இழுத்து மேலே தாங்கியில் நிரப்பும் தண்ணீர் மற்றது. மாமா வீட்டில் லைன் தண்ணீர் முன்வாசல் பைப்புக்கு மட்டும்தான். குசினிக்கு வருவது தாங்கித் தண்ணீர். ஏழு மாதம் அந்தத் தண்ணீரில் குளித்து, கொப்பளித்து, சோறு தின்று கைகழுவிய எனக்கு இது தெரியாது. விருந்தாளிக்கு ஏன் தெரியவேண்டும்?)

ஸ்பானரைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவது திருகில் பைப்பின் தலை என் கன்னத்தை உரசிக்கொண்டு மேலே போனது. கூரையில் பட்டது எனக்குக் கேட்டது. எங்கே விழுந்தது என்று பார்க்கக் கண்ணைத் திறக்க முடியவில்லை. பதினைந்து அடி உயரத்திலிருந்து ஆயிரம் லீற்றர் தண்ணீர் என் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்று வருடக்கணக்காகப் படிப்பித்திருக்கிறேன். அன்றுதான் நம்பினேன்.

உள்ளங்கையால் பொத்தினேன். இது பெரிய பிழை. அதுவரை ஒரு திசையில் போன தண்ணீர் இப்போது எல்லாத் திசையிலும் போனது. சீனிப் போத்தல், தூள் தட்டு, சாமிப்படம், தர்சினி என்று ஒன்றையும் விடவில்லை.

"தாங்கிய மூடணும்! தாங்கிய!" என்று கத்தினாள் தர்சினி.

"தாங்கியா? எந்தத் தாங்கி?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு என்னை விலக்கிவிட்டுத் தன் கையை அந்த ஓட்டையில் வைத்துக்கொண்டு, "பின்னுக்குப் போய் நிப்பாட்டுங்க, கெதியா!" என்றாள்.

ஏழு மாதத்தில் முதல்தடவையாக அந்த வீட்டின் பின்பக்கத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு தாங்கி, ஒரு வாழைக் கூட்டம், நிறையக் குழாய்கள். வால்வு எங்கேயென்று எந்தக் குழாயும் சொல்லவில்லை. சுவரில் ஒரு சுவிட்ச் மட்டும் கண்ணில் பட்டது. நிறுத்து என்றுதானே சொன்னாள். ஓங்கி ஒரு அடி அடித்தேன். 'கிர்ர்' என்று ஒரு சத்தம் எழும்பியது. தண்ணீர் நிற்கும்போது இப்படித்தான் சத்தம் வரும்போலும் என்று எண்ணி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினிக்குத் திரும்பினேன்.

அது மோட்டர் சுவிட்ச். தாங்கியிலிருந்த ஆயிரம் லீற்றர் போதாதென்று கிணற்றையும் சேர்த்துத் திறந்துவிட்டு வந்திருந்தேன்.

தர்சினிக்குக் கை விறைத்துவிட்டது. மறுபடியும் நான் பொத்தினேன். மாமி வறுத்த மா தரையில் கூழாகி, கடதாசியோடு மிதந்து, வாசற்படியைத் தாண்டி விறாந்தையைப் பார்க்கப் போனது. அந்த மாவைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் அழுகை வந்தது. என் அம்மாவுக்காக ஒருவர் விடியற்காலையில் எழும்பி வறுத்த மா அது.

அப்போது முன்னால் ஓட்டோ வந்து நின்றது.

மாமி கையில் றால் பையோடு குசினி வாசலில் நின்றார். மாவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சாரத்தோடு, ஒரு கையால் பைப்பையும் மறு கையால் கண்ணையும் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் சுவரும் நனைந்திருந்தது.

"டேய்!" என்றார் மாமி. "என்ன வேலடா பாத்து வச்சிரிக்கா? மனிசனாடா நீ? ஆரடா உன்னக் கழட்டச் சொன்ன? கைய எடுடா அதில இரிந்து!"

கையை எடுத்தேன். மாமியும் நனைந்தார்.

மாமா நேரே பின்பக்கம் போனார். மோட்டர் நின்றது. பிறகு தண்ணீரும் நின்றது. (வால்வு வாழைக்குப் பின்னால் இருந்ததாம்.) திரும்பி வந்தவர் மேசையில் இருந்த சின்னப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"வாசரா?" என்றார்.

"ஓம் மாமா."

"ம்," என்றுவிட்டு பாஸுக்கு அழைப்பெடுத்தார். "மருமகன் கைவச்சிட்டார்," என்று மட்டும் சொன்னார். அவர் வாழ்க்கையில் அனுப்பிய மிக அவசரமான தந்தி அதுதான். மூன்று வாரம் வராத பாஸ் அரை மணித்தியாலத்தில் வந்து நின்றார்.

அன்று பின்னேரம் முழுக்க நாலு பேரும் தண்ணீர் தள்ளினோம். மாமி என்னோடு பேசவில்லை, சுவரோடும் பேசவில்லை. இரவு நான் தர்சினியிடம், பேசாமல் பழுகாமத்துக்கே போய்விடட்டுமா என்று கேட்டேன். "போறதெண்டா முதல்ல விறாந்தையத் துடைச்சிட்டுப் போங்க," என்றாள்.

ஞாயிறு காலை அம்மா வந்தார். நான் பயந்த மாதிரியே கதிரை நுனியில் இருந்தேன். அம்மாவும் மாமியும், "சுகமா?", "ஓம், சுகம்" என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் ஒருவர் சேலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமி குடிக்கத் தண்ணீர் எடுக்க முன்வாசல் பைப்புக்குப் போனார். தண்ணீர் வரவில்லை.

"லைன் வெட்டு," என்றார் மாமா.

"இல்லையே, பக்கத்து வீட்டில வருதே," என்றாள் தர்சினி.

நான் மெல்ல எழும்பினேன். "அது... கேற்றடி வால்வ நேத்து நான்தான் பூட்டினன். திறக்க மறந்திட்டன்."

"டேய், அதையுமாடா?" என்று மாமி வெடித்தார். வெடித்த பிறகுதான் சம்பந்தி முன்னால் இருப்பது நினைவுக்கு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பிறகு கதிரையை மாமியின் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"ஏன் மச்சாள் நிப்பாட்டிட்டீங்க? ஏசுங்க. எங்கட வீட்டு ரேடியோவையும் இவன்தான் கழட்டினவன். மறுகா அது பாடவே இல்ல. மணிக்கூட்டுக் கதை தெரியுமா உங்களுக்கு?"

"மணிக்கூடுமா?" என்றார் மாமி.

மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் குசினியில் இருந்து, நான் பிறந்ததிலிருந்து கழற்றிய ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். புறப்படும்போது அம்மா என் கன்னத்தைத் தடவி, "இனி எனக்குக் கவலையில்ல மனே" என்றார். அப்போது மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சில்வர் பேணி. சோசர் இல்லை. கதிரையில் சரிந்து உட்கார்ந்து குடித்தேன். வாய் சுட்டது, ஆனால் இவ்வளவு சந்தோசமாக நான் எதையும் குடித்ததில்லை.

இது நடந்து நாலு வருடமாகிறது. மாமா அந்த வால்வுக்குச் சிவப்புப் பூச்சு அடித்து, பக்கத்துச் சுவரில் அம்புக்குறியும் போட்டு, 'இது' என்று எழுதி வைத்திருக்கிறார். மேசன் பாஸோ தச்சு பாஸோ "நாளைக்கு" என்று இழுத்தால், மாமி தொலைபேசியை வாங்கி, "அப்ப எங்கட மருமகனச் செய்யச் சொல்லவா?" என்று கேட்பார். அன்றைக்கே வந்துவிடுவார்கள்.

போன வருடம் தர்சினியின் தங்கைக்குக் கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளை வாகரைப் பக்கம், அடக்கமானவர். அதே வளவில் அந்த இரண்டாவது வீட்டில் இருக்கிறார்கள். பூப்போட்ட கோப்பையும் சோசரும் இப்போது அங்கே போகின்றன. மாமி தினமும் அந்த வீட்டுச் சுவரோடு பேசிவிட்டு வருகிறார்.

சென்ற வாரம் சகலன் வேலியோரம் வந்து, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்:

"அண்ணன், குசினிப் பைப் கொஞ்சம் ஒழுகுது. ஸ்பானர் ஒண்டு இரிக்கா? கேற்றடி வால்வ மட்டும் பூட்டினாக் காணும்தானே, வேற ஒண்டும் பூட்டத் தேவையில்லையே?"

அந்த வீட்டிலும் குசினிக்குத் தாங்கித் தண்ணீர்தான். அம்புக்குறி ஒன்றும் இல்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஏழெட்டு மாதமாகக் கதிரை நுனியிலேயே இருந்து களைத்த முகம்.

"ஓம் ஓம், காணும்," என்று சொல்லி, ஸ்பானரைத் துடைத்துக் கொடுத்தேன்.