குறைந்த விலை இன்ஜின்

வேலையில்லாத பிள்ளைகளுக்கு மெய்நிகர் உலகம் உண்டாக்கும் கலையைக் கற்றுத் தருவது என்று பயிற்சி அலுவலகம் தீர்மானித்தது. கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால், இருந்த இடத்திலேயே கடலும் மலையும் தெரியுமாம். எங்கள் தெருவில் அது என்னவென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அதைப் படிக்காத பிள்ளை உருப்படாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் பெரிய மகளுக்கு அதில் நிஜமாகவே ஆசை. துணிக்கடை வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். இனி திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

கணினிகள் வந்தன, கண்ணுக்கு மாட்டும் பெட்டிகள் வந்தன. பாடம் மட்டும் தொடங்கவில்லை. வாத்தியார் ஒரு கேம் இன்ஜின் கேட்டிருந்தார். அந்த உலகத்தைக் கட்டும் மென்பொருளுக்கு அப்படித்தான் பெயராம். இன்ஜின் என்ற சொல் இருந்ததால் விஷயம் முறைப்படி வாகனப் பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் அழைத்துக் கலந்தாலோசித்தார்.

"எத்தனை குதிரைசக்தி வேணும்?"

"சார், அது சாஃப்ட்வேர்," என்றாள் என் மகள். "புதுசா கத்துக்கறவங்களுக்கு லேசா ஒண்ணு இருந்தா போதும். இங்கயே இறக்கிக்கலாம்."

"இறக்கறதுக்கு ஆள் நாங்க போட்டுக்கறோம்மா. விலையைச் சொல்லு."

"விலையே இல்ல சார். இலவசம்."

கண்காணிப்பாளரின் முகம் சுருங்கியது. "இலவசத்தை எப்படிம்மா வாங்கறது? மூணு இடத்துல விலை கேட்டு, குறைஞ்சதை எடுக்கணும். விலையே இல்லாததுல குறைஞ்சது எது?"

அவள் மறுபடி வாயைத் திறக்கப் போனாள். எனக்கு அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. அவ்வளவு பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டால் எதுவும் நியாயமாகத்தான் படும். "வாயை மூடுடி, பேரை அடிச்சிடப் போறாங்க," என்று அவள் காதைக் கடித்தேன்.

விலையுள்ள இன்ஜின்கள் மட்டும் பரிசீலிக்கப்பட்டன. தொடக்கநிலை மாணவர்களின் நலனைக் கருத்தில் கொண்டு, கையால் சுற்றிக் கிளப்பும் சிறிய டீசல் இன்ஜின் ஒன்று தேர்வு பெற்றது. வகுப்பறை நடுவில் சிமெண்ட் மேடை கட்டி அதை நிறுத்தினார்கள். மேலதிகாரி வந்து கிளப்பி வைத்தார். அறை முழுக்கப் புகை. கண் எரிச்சல் தாங்காமல் பிள்ளைகள் பெட்டிகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா, சொல்லிக் குடுக்காமலே மாட்டிக்கிட்டாங்க," என்று அதிகாரி பூரித்தார். "இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

"அதுதான் தொடக்கநிலை."

வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் போனார். அவர் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை; இன்ஜின் ஓடினால் வகுப்பு நடந்ததாகவே கொள்ளப்பட்டது. முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ். அடுத்த வகுப்புக்கு இன்ஜினைப் பார்த்துக்கொள்ள அனுபவசாலி ஒருவர் தேவைப்பட்டபோது, ஒரே சுற்றில் கிளப்பக்கூடியவள் என்று என் மகளையே நிரந்தரமாக நியமித்தார்கள்.

தெருவே எங்கள் வாசலில் நின்றது. "அக்கா, உங்க பொண்ணு மெய்நிகர்ல நிரந்தரம் ஆயிட்டாளாமே. எங்க பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

உள்ளே மகள் கரி படிந்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்தப் பெட்டிக்குள்ள நான் இன்னும் ஒரு மரம்கூட நட்டதில்லம்மா," என்றாள்.

"மெதுவா பேசு," என்றேன். "வெளியில கேட்டுடப் போகுது. உன் தங்கச்சி பேரைக் குடுத்துட்டு இப்பதான் வரேன்."